ஒரு மேளச் சத்தமும் ஒரு வயலினும்

இரவுப் பணி முடிந்து அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிய பின்னரே எங்களுக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கும். 1980களின் நடுப்பகுதியில், கொழும்பில், சக செய்தியாளர் ஒருவர் தந்த கசற்றில்தான் பில் கொலின்ஸின் 'இன் த எயார் ருநைற்' பாடலை முதன்முதலில் கேட்டேன். பிரதி எடுத்த கசற், உறை கிடையாது. மூன்றரை நிமிடங்களுக்கு மேலாக அடங்கிக் கிடந்த பாட்டில் திடீரென மேளம் இடித்து விழுந்தபோது, கருவியின் ஒலியைக் குறைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். அந்நாளைய கொழும்பில் திடீர்ச் சத்தம் எதுவும் வெறும் சத்தமாகக் கேட்பதில்லை.

அப்பாடல் இடம்பெற்ற 'ஃபேஸ் வலியூ', கொலின்ஸின் முதல் தனி இசைத்தட்டு, 1981 பெப்ரவரியில் வெளிவந்தது. அவர் 'ஜெனசிஸ்' குழுவின் மேளக் கலைஞர். 1975இல் பீற்றர் கேப்ரியல் விலகிய பின் அதன் பாடகருமானவர். 1979இல் மணவாழ்வு முறிந்தது. வெறிச்சோடிய வீட்டில், எட்டுத் தட ஒலிப்பதிவுக் கருவியோடும் தாளப்பொறியோடும் தனியே அமர்ந்து பாடல்களைப் பதிந்தார். பின்னர் ஒலிப்பதிவாளர் ஹியூ பட்ஜமுடன் கூடத்தில் வேலை தொடங்கியபோது, அந்த வீட்டு நாடாக்களை ஒதுக்கிவிடவில்லை. 24 தடத்துக்கு மாற்றி, அவற்றின் மேலேயே மற்றவற்றைச் சேர்த்தார். மனம் உடைந்திருந்த வேளையில் பதிந்ததை, ஆறிய பின் திரும்பப் பதிய முடியாது என்று உணர்ந்திருந்தார் போலும். இம்முடிவே அத்தட்டை உருவாக்கியது என்பேன்.

அந்த மேளச் சத்தமோ தற்செயலாகக் கிடைத்தது. 1980இல் வெளிவந்த கேப்ரியலின் தனித்தட்டுக்கான பதிவில், கூடத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்பதற்கென வைத்த ஒலிவாங்கி வழியே கொலின்ஸின் மேளம் பூதாகாரமாகக் கேட்டது. பட்ஜம் அதை விட்டுவிடவில்லை. எதிரொலி பெருகி எழும். ஆனால் நீளாமல் சட்டென வெட்டுண்டு நிற்கும். அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மெட் எர்டெகன், இவ்வளவு நேரம் மேளமில்லாவிட்டால் கேட்பவருக்குத் தாளம் பிடிபடாது என்று கருதவே, தனிப்பாடலாக வந்த பதிப்பில் முன்பகுதியிலும் மேளம் சேர்த்தார்கள். எனக்கு அது உவப்பானதல்ல.

பல ஆண்டுகளின் பின் உறையோடு அத்தட்டு கைக்கு வந்தது. விபரங்களைக் கொலின்ஸே தன் கையால் எழுதியிருந்தார். அதில், வயலின்: ஷங்கர். எல். ஷங்கர்! யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. 1958 இனக்கலவரத்தின் பின் இந்தியாவுக்குப் பெயர்ந்த குடும்பம். அப்போது அவருக்கு எட்டு வயது.

மேளம் விழுவதற்காகவே காத்திருந்து அந்தக் கசற்றை எத்தனை இரவுகள் திருப்பிக் கேட்டிருப்பேன், அதே பாட்டில் வயலின் வாசித்தவர் யாரென்று தெரியாமலே.