கூரையிட்ட பாலம்

ஈப்போவினின்றும் வடக்கே புகைவண்டியிற் சென்று பழகிய பேராக் தமிழருக்குக் காராய்ப் பாலத்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுங்கை சிப்புட்டைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் சக்கரங்களின் ஓசை மாறும். உறங்கிய குழந்தைகளும் விழித்துச் சன்னலுக்குப் பாய்வர். கீழே பேராக் ஆறு பழுப்பு நிறத்தில் விரிந்து கிடக்கும். செங்கல் தூண்கள் தாங்க, இரும்புச் சட்டங்களைக் கோத்து அமைத்த அப்பாலத்திற்கு விக்டோரியா பாலம் என்பது பெயர். 1897 டிசம்பரில் தொடங்கிய வேலை 1900 மார்ச்சில் முடிந்தது. சுல்தான் இத்ரிஸ் அவர்கள் திறந்து வைத்தார். நீளம் 1,152 அடி. ஜப்பானியர் படையெடுத்த காலத்தில், பின்வாங்கிய பிரிட்டிஷார் அதன் தூண் ஒன்றைத் தகர்த்தனர். பிறகு அது செப்பனிடப்பட்டது. 2002-இல் பக்கத்திலேயே புதுப்பாலம் எழுந்தபின் பழைய பாலத்தில் வண்டி ஓடுவதில்லை. ஓரத்து நடைபாதையில் ஊர் ஜனங்களும் மோட்டார் சைக்கிள்களும் போகின்றன. மணமக்கள் வந்து படமெடுத்துக் கொள்கின்றனர்.

சென்ற ஆண்டு என் பேரனை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். பாதிப் பாலம் நடந்தோம். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. நனைந்துகொண்டே ஓடுகையில், "தாத்தா, அமெரிக்காவில் பாலத்துக்குக் கூரை போடுகிறார்களே, இதற்கு ஏன் போடவில்லை?" என்று கேட்டான். எங்கோ படத்தில் பார்த்திருக்கிறான். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனெனில் கூரையிட்ட பாலம் ஒன்றில் நடந்தே நான் பள்ளிக்கூடம் சென்றவன்.

மேல்நாட்டார் பாலத்துக்குக் கூரை வேய்ந்தது வழிப்போக்கர் நனையாமலிருக்க என்று பலர் எண்ணுகின்றனர். வாஸ்தவம் அதுவன்று. மரப்பாலத்தின் உயிர் அதன் பொருத்துகளில் இருக்கிறது. கட்டையும் கட்டையும் சேருமிடத்தில் மழைநீர் புகுந்து தங்குமானால் பூஞ்சை பிடித்து உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போகும். மேலே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கூரையும் பக்கப் பலகையும் அடித்துவிட்டால் பொருத்து உலர்ந்தே இருக்கும். திறந்து கிடக்கும் பாலம் சில ஆண்டுகளில் ஓயுமிடத்தில், மூடிய பாலம் நூறாண்டையும் தாண்டி நிற்கும். பிலடெல்பியாவில் 1805-இல் இப்படியொரு பாலத்துக்குக் கூரையிட்டார்கள். 1820-இல் இத்தியல் டவுன் என்பவர் சாதாரணப் பலகைகளைக் குறுக்குநெடுக்காக வலைபோற் பின்னி, மர ஆணி அடித்துப் பாலம் கட்டும் முறைக்கு உரிமை பெற்றார். கிராமத்துத் தச்சனும் அதைச் செய்யலாம் என்பதே அதன் சிறப்பு. சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் 14-ஆம் நூற்றாண்டின் பாலம் ஒன்று உண்டு. 1993-இல் தீயில் பெரும்பகுதி வெந்து மீண்டும் கட்டப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? வியட்நாமில் ஹோய் ஆன் என்னும் ஊரில் ஜப்பானிய வணிகர்கள் 1593-இல் தொடங்கிய பாலம், ஓட்டுக் கூரையும் உள்ளே ஒரு கோயிலுமாக இன்றும் நிற்கிறது. 2024-இல் அதைப் பழுதுபார்த்துத் திறந்தனர்.

எங்கள் பாலத்துக்கு இத்தகைய புகழ் ஒன்றும் கிடையாது. சுங்கை சிப்புட்டுப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் லயங்கள் இக்கரையிலும் தமிழ்ப் பள்ளி அக்கரையிலும் இருந்தன. இடையே ஓர் ஓடை. அதன்மேல் இரண்டு அடிமரங்களைப் போட்டுப் பலகை தட்டியிருந்தார்கள். வெட்டுக்காட்டிலிருந்து பால் வாளிகளைக் காண்டாவில் சுமந்து வரும் பெண்களும் அவ்வழியேதான் வரவேண்டும். 1961-ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. ஒரு காலையில் என் முன்னால் சென்ற பெண்ணின் காலடியில் பலகை முறிந்தது. அவள் கீழே கல்லின்மேல் விழுந்து தொடை எலும்பு ஒடிந்தது. எலும்பு கூடிற்று, ஆனால் கால் குட்டையாகவே போயிற்று. அதன்பின் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எங்கள் வகுப்பில் கணக்கிலே முதலாக நின்றவள் அவள்.

என் தகப்பனாரும் இன்னும் சிலரும் ஆபீசுக்குப் போய் முறையிட்டனர். அவ்வாண்டு அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்று கிராணி பதில் சொன்னார். மூன்று மாதம் பொறுத்தார்கள். பிறகு தாங்களே கட்டுவதென்று தீர்மானித்தார்கள்.

சுற்றிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் நிற்கையில் கட்டைக்கு என்ன பஞ்சம் என்று நகரத்து வாசகர் கேட்கக்கூடும். ரப்பர் மரம் பாலத்துக்கு உதவாது. வெட்டிப் போட்ட சில வாரங்களிலேயே பூஞ்சையும் வண்டும் பற்றிவிடும். 1877-இல் கோல கங்சாரில் ஹியூ லோ நட்டவற்றுள் ஒரு மரம் இன்றும் நிற்கிறதே, அது உயிரோடிருப்பதால்தான் நிற்கிறது! இடிந்து கிடந்த பழைய புகைக்கூடத்தின் தூண்கள் செங்ஙால் என்னும் மலாய்நாட்டு வன்மரம். கரையானும் எளிதில் தொடாது. அவற்றைத்தான் இரவோடிரவாக இழுத்து வந்தனர். யார் உத்தரவில் எடுத்தீர்கள் என்று பின்னால் ஒருநாள் கூலி பிடிக்கப்பட்டது.

கட்டியவர், நாங்கள் சயாம் பெரியப்பா என்றழைத்த ஒருவர். கீழ்லயத்தார். தச்சுத்தொழில் அவருக்குக் குலத்தொழிலன்று. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழருள் அவரும் ஒருவர். காலராவிலும் பசியிலும் உடன் சென்றோர் மடிய, காட்டு மரங்களை அறுத்துப் பாலங்கள் எழுப்பிய கூட்டத்திலிருந்து அவர் தப்பி வந்தவர். அந்தக் கல்விக்கு அவர் கொடுத்த விலை, தம் தம்பி. அதைப்பற்றி அவர் பேசுவதில்லை.

அவர் செய்த முறை எளிது. ஓடை இருபத்துநாலடி அகலம். பக்கத்துக்கு ஒரு நீண்ட அடிவிட்டம்; அதன் இரு முனையிலிருந்தும் இரண்டு கட்டைகளைச் சாய்த்து நடுவிலே மேலே சேர்த்தார்; சேர்ந்த இடத்திலிருந்து ஒரு கட்டையைக் கீழே தொங்கவிட்டு அடிவிட்டத்தின் நடுவை அதிலே பிணைத்தார். நடுவில் ஆள் நின்றால் பாரம் தொங்குகட்டை வழியே மேலேறி, சாய்கட்டைகள் வழியே கரைக்கு இறங்கிவிடும். "இவ்வளவுதாண்டா தம்பி, மரத்துக்கு வழி காட்டிவிட்டால் அது பாரத்தைத் தானே கொண்டுபோய் இறக்கும்" என்று எனக்குச் சொன்னார். கூரை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவரே. சயாமின் மழையில் பச்சைமரம் அழுகியதைக் கண்ட கண்கள். பழைய தகரங்களைத் தட்டி நிமிர்த்திக் கூரை போட்டார்கள்.

சச்சரவு அங்கேதான் பிறந்தது. கூரை வந்ததும் அது மழைக்கு ஒதுங்கும் இடமாயிற்று. மேல்லயத்தார் சிலர், தங்கள் பெண்டுகள் நிற்கும்போது கீழ்லயத்தார் உள்ளே வந்து உட்காரலாகாது என்றனர். தூண் சுமக்கையில் கலந்து சுமந்த தோள்கள், நிழலில் உட்காரும்போது பிரிய வேண்டுமாம்! என் சொந்தச் சிற்றப்பாவும் அப்படிப் பேசியவர்களுள் ஒருவர் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. கங்காணி, தம்மைவிட மூத்தவரான பெரியப்பாவைப் பார்த்து, "நீ கட்டினாய், சரி. கட்டினதோடு நில்" என்றார்.

பெரியப்பா உளியைத் துடைத்துக்கொண்டே, "கூரை மனுஷருக்குப் போட்டதில்லை, மரத்துக்குப் போட்டது. மரத்துக்கு ஜாதி தெரியாது. உட்காருகிறவர் உட்காரட்டும், பிடிக்காதவர் நனையட்டும்" என்றார்.

இரண்டு மழைக்குச் சிலர் நனைந்தார்கள். மூன்றாவது மழை ஒரு மணி நேரம் கொட்டிற்று. அதன்பின் யாரும் நனையவில்லை. சிற்றப்பா மட்டும் ஒரு மாதம் சுற்றுவழியாய்ப் போனார்.

எங்கள் பள்ளி ஆசிரியர் சுயமரியாதைக் கொள்கையில் ஈடுபட்டவர். 1929-இல் பெரியார் மலாயா வந்த கதையைச் சொல்லிக்கொண்டேயிருப்பார். அவர் தாரைக் காய்ச்சி, கூரையின் உள்விட்டத்தில் வேலை செய்த இருபத்துமூன்று பேரின் பெயரையும் எழுதினார். வெறும் பெயர்கள், எதற்கும் பின்னால் ஜாதிப் பட்டம் இல்லை. மழை படாத எழுத்தாதலால் நான் தோட்டத்தை விட்டு வெளியேறும் வரை அது மங்கவில்லை.

காராயில் நனைந்தபடி நின்றபோது எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாலத்தை வகுத்த பொறியாளர் பிரையர், ஹான்சன் என்போரின் பெயர்கள் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. கோல கங்சாரில் 1926-இல் ஆணியின்றி எழுப்பிய இஸ்தானா கெனாங்கான் மாளிகையைக் கட்டிய செப்பியான் என்ற மலாய்த் தச்சர் பெயரும் நிலைத்திருக்கிறது; நன்று. காராயில் செங்கல் சுமந்தவர் பெயரோ, ஆற்றுக்குள் இறங்கியவர் பெயரோ எந்தத் தூணிலும் என் கண்ணுக்குத் தென்படவில்லை. ஒவ்வொரு தூணாக எட்டிப் பார்த்தேன். பேரன் என்னைக் கிறுக்கன் என்று எண்ணியிருப்பான்.

எங்கள் தோட்டம் கைமாறி இப்போது செம்பனை நிற்கிறது. லயமும் பள்ளியும் இல்லை. ஓடையின்மேல் லாரி போகச் சிமெண்டுக் குழாய் புதைத்திருக்கிறார்கள். அந்த விட்டம் எந்த அடுப்புக்குப் போயிற்றோ!

வீடு திரும்பும் வழியில் அந்தப் பெயர்களைச் சொன்னேன். பேரன் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டான். பத்தொன்பது வந்தன. இருபதாவது, பின்வரிசைக் கடைசி வீட்டுக்காரர். முகம் தெரிகிறது, பால் வாளியில் அவர் தாளம் போடும் ஓசைகூடக் கேட்கிறது, பெயர் வரவில்லை. அக்கரைப் பள்ளியில் என்னுடன் படித்தவர் எவரேனும் இதைப் படித்தால், மீதி நான்கு பெயர்களை எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.