காலுக்கும் ஒரு சட்டை

ஆண்டு மலர் என்றதும் பலர் காதலையும் நட்பையும் எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்டது சாக்ஸ். சிரிக்காதீர்கள்! வீட்டிலேயே முதன்முதலாக ஷூ போட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில் அம்மா பருத்தி எடுப்பது வெறுங்காலோடு. என் சாக்ஸைப் பார்த்த அப்பாயி, "ஏஞ்சாமி, காலுக்குமா சட்டை?" என்று கேட்டது. எதை வாங்கணும், எப்படிப் போடணும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நூல். பளபளவென்று மெல்லிசாக இருப்பது நைலான். சீக்கிரம் காயும், ஆனால் வியர்வையை அவ்வளவாக உறிஞ்சாது. அதைவிட முக்கியம், வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெல்டிங் பொறி ஒன்று உள்ளே விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், எரியவும் செய்யும். ஆனால் உருகி ஒட்டாது. ஆகவே வெல்டிங், ஸ்மித்தி உள்ள நாளில் பருத்தி சாக்ஸ்தான். பேன்ட் கால் ஷூவின் வாயை மூடியிருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. சாக்ஸின் குதிகால் நம் குதிகாலில் சரியாக உட்காரணும். பெரிசானால் ஷூவுக்குள் சுருண்டு கொப்புளம் வரும். சின்னதானால் விரல்கள் நெருங்கி வலிக்கும். ஷூ வாங்கப் போகும்போது சாக்ஸ் போட்டுக்கொண்டு மாலையில் போங்கள். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்.

மூன்றாவது இறுக்கம். சாக்ஸ் நெய்வதல்ல, பின்னுவது. 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். நம் திருப்பூர் பனியனும் கண்ணி கண்ணியாகப் பின்னுவதுதான். அதனால்தான் இழுத்தால் விரிகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கில்ட் என்ற மடிப்புப் பாவாடையோடு முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை கம்பளிக் காலுறை போடுவார்கள். அது நழுவாமல் இருக்க ஒரு பட்டை கட்டி, மேல்விளிம்பை அதன்மேல் மடித்துவிடுவார்கள். பாதத்துக்கு மட்டுமல்ல, கெண்டைக்காலுக்கும் அளவு பார்த்து வாங்குவதும் உண்டு. நமக்கும் அதே கணக்குதான். கழற்றியபின் ஆழமாகத் தழும்பு விழுந்தால் எலாஸ்டிக் இறுக்கம் அதிகம். நடக்கும்போதே இறங்கினால் போதாது.

இரண்டு ஜோடியாவது வேண்டும். தினமும் துவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். ஈர சாக்ஸோடு நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். காலில் புண் வந்து நாலு நாள் ஒர்க்‌ஷாப் போகாவிட்டால் வருகைப்பதிவும் போச்சு!

நாளை அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போகிறவர்கள் எட்டு மணி நேரம் பாதுகாப்பு ஷூவில் நிற்கணும். அதற்குத் தடித்த சாக்ஸ், ஷூவின் வாய்க்கு மேலே வரும் உயரத்தில் வேண்டும். ஈர சிமெண்ட் பட்ட சாக்ஸை உடனே கழற்றிக் காலைக் கழுவுங்கள். அது காரத்தன்மை உள்ளது, தோலை அரித்துவிடும்.

புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளுக்கு எந்த டிராஃப்டர் வாங்கணும் என்று நாம் சொல்லித் தருகிறோம். அதோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்!