கயிற்றின் மறுமுனை

டீசல் வெல்டிங் செட்டின் நாத்தம் மூக்குக்குத் தெரியும். அந்தப் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, அப்புறம் ஆள் சாய்ந்துவிடுவான். அதனால் என்ஜின் திறந்த வெளியில், தொட்டி வாயை விட்டுத் தள்ளி நிற்கணும். சைலன்சர் மறுபக்கம் திரும்பியிருக்கணும். விஷவாயு இருக்கக்கூடிய தொட்டியில் இறங்க, சோதித்து எழுதிய சான்று வேணும். இல்லையென்றால் மூச்சுக்கருவியும், மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்கும் கயிறும் வேணும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 36ஆம் பிரிவு இப்படித்தான் எழுதி வைத்தது.

நாங்கள் கயிறு கேட்டபோது மேஸ்திரி சொன்னார்: "குழியில எறங்கிப் பழகின சனந்தானே, ஒங்களுக்கு எதுக்குடா?"

புகைக்குச் சாதி தெரியாது. யாரை உள்ளே எறக்குறதுன்னு முடிவு பண்றவருக்குத் தெரியும். கயிறு வர்ற வரைக்கும் எறங்க மாட்டோம்னு மேலேயே உட்கார்ந்தோம்.