காலேஜ் பாக்கப் போறீங்களா?

பிளஸ் டூ முடிச்சுட்டு காலேஜ் காலேஜா ஏறி இறங்கப் போற தம்பி தங்கச்சிங்களே, இது உங்களுக்குத்தான். கூட வர்ற அப்பா அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு காலேஜைப் பாக்கப் போறது சும்மா இல்ல. காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய், அங்கிருந்து இன்னொரு பஸ். நமக்கு ஒரு நாள் போகும், கூட வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அப்படிப் போயிட்டு ஏசி ஆடிட்டோரியத்தை மட்டும் பாத்துட்டு வர்றதுல என்ன லாபம்?

அதனால, வகுப்பு நடக்குற நாளாப் பாத்துப் போங்க. அவங்க வண்டி அனுப்பினாலும் பஸ்லயே போங்க. நாலு வருஷம் அலையப் போறது அதுலதானே! லேபைப் பூட்டி வச்சு ஜன்னல் வழியா காட்டினா ஏன்னு கேளுங்க. பொண்ணுங்க கழிவறையில தண்ணி வருதான்னு பாத்துட்டே வாங்க. சுத்திக் காட்டுற சாரை விட்டுட்டு, கேன்டீன்ல மூணாம் வருஷ அண்ணன் அக்காங்ககிட்ட பேசுங்க. "இந்த வருஷம் எத்தனை வாத்தியார் வேலையை விட்டுப் போனாங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி போதும், மீதி தானா வரும் :-)

ரொம்ப முக்கியம்: நாம பாக்கப் போறோம், சேரப் போகல. போன வருஷம் சித்தப்பா பொண்ணு கூட ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போயிருந்தேன். காபி எல்லாம் குடுத்துட்டு, "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா பத்தாயிரம் குறைக்கிறோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் குடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. சித்தப்பா பால் பணம் வச்சிருந்த மஞ்சப்பையைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார். தங்கச்சி மெதுவா கேட்டா, "சார், கவுன்சிலிங்ல வந்தா எவ்வளவு?" அவர்கிட்ட இருந்து பதிலே வரல. அவளே பையை வாங்கிச் சுருட்டி வச்சுட்டா.

ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 2021-ல இன்ஜினியரிங்லயும் 7.5% இட ஒதுக்கீடு வந்துச்சு. அதுல சேர்ந்தா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசாங்கமே ஏத்துக்கும். முதல் பட்டதாரி சலுகை தனி. எல்லாமே கவுன்சிலிங் வழியா வர்ற இடத்துக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்ல. சர்டிபிகேட்டும் அப்படித்தான்: சரிபாத்துட்டு ஒரிஜினலைத் திருப்பித் தரணும், வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லயே சொல்லியாச்சு. போகும்போது ஜெராக்ஸ் மட்டும் எடுத்துட்டுப் போங்க.

நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாத்திருப்பீங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. குடவோலையில பேர் எழுத என்ன தகுதி வேணும்னு வரிசையா இருக்கும். நிலமும் வேதப் படிப்பும் கேட்ட சபை அது. நம்ம முப்பாட்டன்ல பல பேருக்கு அங்க இடம் இருந்திருக்காது. ஆனாலும் அதுல ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: பொறுப்புல இருந்துட்டு கணக்குக் காட்டாதவர் பேர் குடத்துலயே விழாது. அவரோட நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் அதே கதிதான்!

காலேஜுக்கும் இதையே வச்சுக்கலாம். "நூறு சதவீதம் வேலை"ன்னு பேனர் இருந்தா கணக்குக் கேளுங்க. உங்க பிரிவுல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை? போட்டோவுல இருக்குற ஒருத்தர் சம்பளம் வேண்டாம், நடுவுல நிக்குறவருக்கு எவ்வளவு? என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்குப் போற காலேஜ்கள் இதை எழுதிக் குடுத்தே ஆகணும். அண்ணா பல்கலைக்கழகமும் இணைப்புக் கல்லூரிகளோட தேர்ச்சி விகிதத்தை வெளியிடுது. நாக் மொத்தக் காலேஜுக்கும் தர்றது, என்.பி.ஏ தனித்தனிப் பிரிவுக்குத் தர்றது. உங்க பிரிவுக்கு இருக்கான்னு பாருங்க. கடைசியா பஸ், மெஸ், டிரெய்னிங் பீஸ் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கேளுங்க.

எழுதித் தர மாட்டோம்னா? ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.