ஊறல்

ஊறல் என்ற சொல்லை நாங்கள் இருவரும் ஐந்து ஆண்டுகளாக வாய்விட்டுச் சொன்னதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. சீமைக்கருவேலம் புதருக்குள் புதைத்த பானையில் வெல்லமும் வேலம்பட்டையும் புளித்துக் கிடப்பது ஊறல். போலீசார் வந்து மண்ணில் கவிழ்ப்பதும், மறுநாள் நாளிதழில் இத்தனை லிட்டர் அழிப்பு என்று செய்தியாவதும் அதுதான். இங்கிலாந்தின் டெர்பி நகரில், எங்கள் வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழேயுள்ள சிறு அறையில், மூடியிட்ட வெள்ளை வாளியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புளித்துக்கொண்டிருந்ததும் அதுவேதான். நாங்கள் அதற்கு ஆம்பர் ஏல் என்று பெயர் வைத்திருந்தோம். ஆங்கிலப் பெயருக்குத் தனி மரியாதை உண்டல்லவா?

2024 மே மாதம் அம்மா எங்களோடு தங்க வந்தார். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கே அம்மா என்றே எழுதுகிறோம். பீர் வடிக்கிற சங்கதியை அவரிடம் நாங்கள் சொல்லாததற்குக் காரணம் அப்பா. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் உலை முன்னால் நின்று வேலை செய்தவர். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் பிடித்து உருளைக்குள் செலுத்தும் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் உடம்புக்குத் தண்ணீர் போதாது என்பார். முதலில் ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்கு அப்பால் விற்ற பாக்கெட் சாராயம். 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம் ஆந்திரம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் தங்கள் வீட்டு விசேஷம் போல மகிழ்ந்தார்கள் என்று அம்மா சொல்வார். அப்பாவின் பாக்கெட் நின்றது, குடி நிற்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு மாறிற்று. 2004இல் ஈரல் கெட்டு இறந்தார். வயது 51.

இந்தப் பின்னணியில் வந்த நாங்கள் ஏன் பீர் வடிக்கத் தொடங்கினோம்? நேர்மையாகச் சொன்னால், ஆர்வத்தால்தான். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் வடிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. டெர்பியிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் பர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. 1820களில் தொடங்கி அவ்வூரின் ஆலைகள் இந்தியாவுக்கென்றே பீர் வடித்துக் கப்பலேற்றின. அவ்வூர்க் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி, அது ஹாப்ஸ் பூவின் கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டும். இன்றும் பிற ஊர்களில் பீர் வடிப்பவர்கள் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஜிப்சம் சேர்ப்பதுண்டு. எங்கள் ஊரில் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போடுகிற அதே ஜிப்சம் பீருக்கும் வேண்டியிருக்கிறது என்று அறிந்த நாளில் எங்களுக்கு ஏற்பட்ட வியப்பு சிறியதன்று.

எங்கள் கணக்கு 20 லிட்டருக்கானது. மாரிஸ் ஆட்டர் என்னும் பார்லி மால்ட் 4 கிலோ, மியூனிக் மால்ட் அரை கிலோ, கிரிஸ்டல் மால்ட் 400 கிராம். மால்ட் என்பது வேறொன்றுமில்லை, ஊறவைத்து முளைகட்டி, முளை நீள்வதற்குள் உலர்த்திய தானியம். கிரிஸ்டல் மால்ட்டில் மட்டும் ஈரத்தோடு இருக்கும்போதே சூடேற்றி, உமிக்குள்ளேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, பிறகு வறுக்கிறார்கள். ஆம்பர் ஏலின் செம்பழுப்பு நிறமும் காய்ந்த வெல்லப்பாகின் சுவையும் அதிலிருந்து வருபவை. ஒன்றிரண்டாக உடைத்த மால்ட்டை 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், முளைவிடும்போது தானியத்தில் உண்டான நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்ப்போம். கருநீலமானால் மாவு மிச்சமிருக்கிறது, நிறம் மாறாவிட்டால் வேலை முடிந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உருளைக்கிழங்கின் மேல் விட்ட அதே அயோடின்தான்.

பிறகு சாற்றை வடித்து ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதியின் தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், இறுதியில் போடுவது மணத்தைத் தரும். நாங்கள் பயன்படுத்துவது 1972இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்னும் வகை. கசக்கி முகர்ந்தால் நாரத்தை இலையின் வாசனை. அப்புறம் 20 டிகிரிக்குக் குளிரவைத்து ஈஸ்ட் தூவி மூடிவிட்டால், இரண்டு வாரம் அதன் பாடு. 1.052 அடர்த்தியில் தொடங்கும் இனிப்புச் சாறு 1.013இல் வந்து நிற்கும்போது அதில் ஏறக்குறைய 5.1 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். அரை லிட்டர்ப் புட்டிகள் 40. ஒவ்வொன்றிலும் சிறிது சர்க்கரை போட்டு மூடி, மேலும் இரண்டு வாரம் காத்திருந்தால் நுரை கட்டும்.

இவற்றையெல்லாம் நாங்கள் கற்றுக்கொண்டிருந்த நாட்களில்தான் பெரும்பாணாற்றுப்படையை மறுபடி வாசிக்க நேர்ந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சேறியது. பாணன் காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பைக் கடக்கிறான். அங்கே மது ஆக்கும் முறை ஒன்றைப் புலவர் சமையல் குறிப்புப் போல வரிசையாகச் சொல்கிறார். நன்றாகக் குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்ற வேண்டும். புற்றாஞ்சோற்றைப் போலத் தோன்றும் முளைதானிய அடையை அதில் கலக்க வேண்டும். வலிய வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, முற்றியபின் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். கூட உண்ணச் சுட்ட மீன். அதே நூலில் வேறோர் இடத்தில், வீட்டிலேயே ஆக்கிய தோப்பி என்னும் நெற்கள்ளும் வருகிறது.

கல்லூரியில் இப்பகுதியைப் படித்தபோது அருஞ்சொற்பொருள் எழுதித் தாண்டிப் போனோம். இப்போது வாசிக்கையில் அது மால்ட்டும் ஊறல் நேரமும் வடித்தலும் கொண்ட முழுமையான செய்முறையாகத் தெரிந்தது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அந்தத் தொண்டை நாட்டில் அடங்கியவைதாம். தானியத்தை முளைகட்டி மதுவாக்கும் அறிவு ஐரோப்பாவிலிருந்து இரவல் பெற்றதன்று, எங்கள் மண்ணிலும் இருந்தது என்ற எண்ணம் எங்களுக்குப் பெருமிதத்தைத் தந்தது. பீரை நண்பர்களுக்கு ஊற்றும்போதெல்லாம் இந்தக் கதையையும் சேர்த்து ஊற்றினோம்.

அம்மா வந்த பிறகு வாளியைப் போர்வையால் மூடி வைத்திருந்தோம். ஜூன் மூன்றாம் வாரத்தில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் அந்த எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. தெருவில் வரிசையாக வைத்திருந்த உடல்களையும் மார்பில் அடித்துக்கொண்ட பெண்களையும் அம்மா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அணைத்தார். வீடு அமைதியானதும், படிக்குக் கீழிருந்து குளுக், குளுக் என்று வாளியின் காற்றுப்போக்கி சத்தமிட்டது.

"இன்னாடா அது?"

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். போர்வையை எடுத்தார். குனிந்து முகர்ந்தார். அவருக்கு நாங்கள் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஊறல் போட்டுக்கீறீங்களா? ரெண்டு பேருமா?"

அதன்பின் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. நாங்கள் அறிவியலைக் கையிலெடுத்தோம். அம்மா, அங்கே கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக்கான திரவம், உடம்பில் பார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தின்றுவிடும். தானியம் புளிப்பதில் அது பொருட்படுத்தும் அளவுக்கு உண்டாவதில்லை. நாங்கள் காய்ச்சி வடிப்பதில்லை, வெறுமனே புளிக்கவைக்கிறோம், என்றெல்லாம் சொன்னோம். சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவர் கணவரைக் கொன்றது மெத்தனால் அன்று. சட்டப்படி விற்ற, முத்திரை ஒட்டிய புட்டிதான் கொன்றது. எங்கள் அறிவியல் அவருக்குப் பதிலாகாது என்பது சொல்லி முடித்தபிறகே எங்களுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் காலையில் அவராகவே மால்ட் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"கேவுரு மொளகட்டுனா இப்பிடித்தான் தித்திக்கும். உனக்குப் பால் மறக்கடிச்சப்ப இதத்தான் காச்சி ஊத்துனேன்."

முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்து ஒரு தேக்கரண்டி சேர்த்தால், கெட்டியான கூழ்கூட இளகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 67 டிகிரி என்றும் நொதி என்றும் நாங்கள் புத்தகத்தில் படித்த காரியம் அவர் கையில் குழந்தைக்கான கஞ்சியாக இருந்திருக்கிறது. நாங்கள் பெருமை பேசிய அந்தத் தொன்மை, நூலுக்குள் மட்டும் உறைந்திருக்கவில்லை.

அடுத்த முறை வடித்தபோது அம்மா அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இனிப்புச் சாற்றை ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்தார். "இது வரிக்கும் கஞ்சிதான்" என்றார். கொதித்து ஆறி, ஈஸ்ட் உறையை நாங்கள் கையிலெடுத்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். சக்கையை மட்டும் கொட்ட விடவில்லை. திருவள்ளூர்ப் பக்கம் பீர் ஆலைச் சக்கையை மாட்டுக்கு வாங்கிப் போடுவதை அவர் கண்டிருக்கிறார். மாடு தின்பதை மனிதர் தின்றால் என்ன என்று, பருப்போடு சேர்த்து அரைத்து அடை வார்த்தார். உமி பல்லில் சிக்கியது. மூவரும் தின்றோம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஒருவாட்டி போட்டா நாப்பது பாட்டில் வருதுன்றீங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா போடுறீங்க. அவ்ளோத்தையும் யாரு குடிக்கிறது?"

எங்களிடம் ஒரு குறிப்பேடு உண்டு. எந்த நாளில் எத்தனை டிகிரி, எத்தனை கிராம் ஹாப்ஸ், தொடக்க அடர்த்தி, இறுதி அடர்த்தி என்று ஐந்து ஆண்டுகளின் வரலாறு அதில் இருந்தது. யார் எவ்வளவு குடித்தார்கள் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை. அன்றிரவு கணக்குப் போட்டோம். எங்கள் பீரில் அரை லிட்டர்ப் புட்டி ஒன்று, இங்கிலாந்தின் அளவையில் சற்றேறக்குறைய இரண்டரை யூனிட். 40 புட்டிக்கு நூறு யூனிட். நண்பர்களுக்குப் போனவை மிகச் சில என்பதை நினைவுபடுத்திக்கொண்டோம். ஆளுக்கு வாரம் ஒன்றுக்குப் பதினான்கை வழக்கமாகத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பு என்பது 2016இலிருந்து இந்நாட்டு மருத்துவ ஆலோசனை. நாங்கள் வாராவாரம் அதைத் தாண்டிக்கொண்டிருந்தோம். குடிக்கிறோம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வடிக்கிறோம், சுவைக்கிறோம், ஆராய்கிறோம் என்றுதான் தோன்றியது. அப்பா தாகம் என்று சொன்னதை நாங்கள் ஆர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் பீர் வடிக்கத் தமிழகத்திலும் அனுமதி வேண்டும் என்று வாதாட இதை எழுதவில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது ஆக்குவது அங்கே குற்றம். 1987இலிருந்து கள்ளுக்கும் தடை. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. மெதுவாக ஆக்குவதற்கு வழியில்லாத இடத்தில், விரைவாக வாங்குவதற்கு மட்டும் வழியிருக்கிறது என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் ஆக்கத் தெரிந்தவர் அளவறிந்து குடிப்பார் என்று எங்களால் இனிச் சொல்ல முடியாது. ஆக்கத் தெரிந்த இருவரின் குறிப்பேட்டைத்தான் பார்த்துவிட்டோமே.

இப்போது ஆண்டுக்கு மூன்று முறை மட்டும் வடிக்கிறோம். குறிப்பேட்டில் ஒரு புதிய பத்தி சேர்ந்திருக்கிறது: தேதி, யார், எத்தனை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கும்மிடிப்பூண்டியிலிருந்து அழைக்கிறார். மழை, ரேஷன், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்தபின், வைப்பதற்கு முன்பு, மறக்காமல் கேட்கிறார்.

"ஊறல் போட்டுக்கீறீங்களா?"

போட்டிருந்தால் ஆமாம்மா என்கிறோம். எத்தனை பாட்டில் மிச்சம் என்று அடுத்துக் கேட்பார். குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்கிறோம்.