சுற்றி வந்த கம்பி

1994ஆம் வருசம் எங்கள் காலனிக்குத் தொலைபேசி வந்தது. ஒரே ஒரு போன். அம்பேத்கர் படிப்பகத்தில் மர அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குக் கேபிள் புதைக்கப் பள்ளம் வெட்டியவர் என் அப்பா. நான் அப்போது ஆதிதிராவிடர் மாணவர் விடுதியில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்து பார்த்தபோது பள்ளமெல்லாம் மூடிவிட்டிருந்தது. போன் மட்டும் இருந்தது. கம்பி எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவில்லை. யார் கேட்பார்கள் அதையெல்லாம்?

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நானும் அந்த வேலைக்கே போனேன். ஒரு காண்டிராக்டரிடம் கேபிள் ஜாயிண்ட் போடும் வேலை. அப்பா மண்வெட்டியோடு பள்ளத்துக்குள் நின்றார். நான் கட்டிங் பிளேயரோடு பள்ளத்துக்குள் உட்கார்ந்தேன். இதைத்தான் எங்கள் குடும்பத்தின் முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும்.

தொலைபேசிக் கம்பி என்பது ஒரு ஜோடி. 'பேர்' என்போம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த இரண்டு செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும். வழியில் பில்லர் என்கிற இரும்புப் பெட்டி. அதிலிருந்து டி.பி. பெட்டி. அதிலிருந்து வீடு. அந்த ஜோடி எவ்வளவு நீளம் என்று பார்க்க அந்தக் காலத்தில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் வீட்டு முனையில் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்குவான். இன்னொருவன் இந்தப் பக்கம் மீட்டரை வைத்து ஓம் பார்ப்பான். 0.4 மில்லிமீட்டர் கம்பி என்றால் போய்த் திரும்ப கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 275 ஓம். வகுத்தால் தூரம் தெரிந்துவிடும்.

வீட்டு முனைக்குப் போகிற ஆள் பெரும்பாலும் நான்தான். ஒரு வீட்டில் என்னைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு, 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று கேட்டார்கள். சொன்னேன். 'நீ அங்கியே நில்லு, போன வெளிய எடுத்தாரோம்' என்றார் வீட்டுக்காரர். ஒயர் எட்டவில்லை. சுவரில் அடித்திருந்த கிளிப்பைப் பிடுங்கி ஒயரை இழுத்துக்கொண்டு வந்து வாசல்படியில் வைத்தார். நான் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிய பிறகு அந்தப் போனைத் துடைத்தார்களா கழுவினார்களா தெரியாது. போனைக் கழுவினால் கெட்டுப்போகும் என்கிற பயம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அந்தப் பயமாவது அந்தப் போனைக் காப்பாற்றியிருக்கும்.

பிறகு எங்கள் காண்டிராக்டர் டி.டி.ஆர். என்கிற கருவியை வாங்கினார். அதைக் கையில் பிடித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிணற்றுக்குள் தலையை நீட்டிக் கத்தினால் சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிறதே, அதுதான் அதன் கணக்கும். கருவி ஜோடிக்குள் ஒரு சிறிய மின் துடிப்பை அனுப்பும். கம்பி ஒழுங்காக இருக்கிற வரைக்கும் துடிப்பு பேசாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே கம்பியின் தன்மை மாறுகிறதோ அங்கே மோதி, ஒரு பகுதி திரும்பி வரும். கம்பி அறுந்திருந்தால் திரையில் கோடு மேலே எழும். இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தால் கீழே விழும். கேபிளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பள்ளம் மாதிரி அகலமாகத் தொய்ந்து தெரியும். எப்போதோ கொடுத்து, பிறகு வெட்டாமல் விட்ட கிளைக் கம்பி இருந்தால் ஒரு தொய்வும் அதற்குப் பிறகு ஒரு எழுச்சியும் வரும்.

துடிப்பு ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் ஓடும். போக, வர இரண்டு தூரம். ஆகவே எதிரொலி 10 மைக்ரோசெகண்டில் வந்தால் பழுது 1 கிலோமீட்டரில் இருக்கிறது. இது கேபிளின் உறையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதைக் கருவியில் நாம் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். துடிப்பை அகலமாக வைத்தால் வெகுதூரம் தெரியும், கிட்டத்தில் இருக்கிற பழுது மறைந்துபோகும். குறுகலாக வைத்தால் கிட்டத்தில் நன்றாகத் தெரியும், தூரம் தெரியாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கருவிக்கு மறுமுனையில் ஆள் தேவையில்லை. ஒரு பக்கம் மாட்டினால் போதும். அதாவது நான் யார் வீட்டுத் திண்ணையிலும் நிற்க வேண்டியதில்லை. எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னை உள்ளே விடாதவன் மாறாமல் அப்படியே இருக்க, நான் அவன் கண்ணில் படாமல் இருப்பதற்கு ஒரு கருவி கிடைத்ததே என்று சந்தோசப்பட்டிருக்கிறேன்.

2004இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் வந்தால் அது பிராட்பேண்ட் என்றார்கள். 2005இலிருந்து பழைய தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் கொடுக்க ஆரம்பித்தார்கள். பேச்சுக்கு 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் போனால் போதும். கம்பியில் கொஞ்சம் ஈரம், மோசமான ஜாயிண்ட், நீளம் எல்லாம் இருந்தாலும் 'அலோ' கேட்டுவிடும். ஆனால் ஏ.டி.எஸ்.எல். என்கிற முறைக்கு 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கம்பி தாங்க வேண்டும். அலைவரிசை ஏற ஏற சக்தி கம்பியிலேயே கரைந்துபோகும். எங்கள் பக்கத்து மெல்லிய கம்பியில் மூன்றரை நாலு கிலோமீட்டர் வரைக்கும் நம்பிக்கை உண்டு. ஐந்தைத் தாண்டினால் கையை விரித்துவிட வேண்டியதுதான். அதனால் இணைப்பு கேட்கிறவர்களின் கம்பியையெல்லாம் சோதித்து 'தகுதி உண்டு', 'தகுதி இல்லை' என்று எழுதுகிற வேலை எங்களுக்கு வந்தது. கம்பிக்குத் தகுதி பார்க்கிற வேலை. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை.

2006இல் எங்கள் காலனிப் பையன்கள் படிப்பகத்துக்குப் பிராட்பேண்ட் கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. வேலைவாய்ப்பு, தேர்வு முடிவு, விண்ணப்பப் படிவம் எல்லாம் இணையத்தில் வர ஆரம்பித்த நேரம். அதைப் பார்க்க ஊரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனால் மணிக்கணக்கில் காசு, போதாததற்கு 'சீக்கிரம் எழுந்திருங்கடா' என்கிற பேச்சு. விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. தூரம் 5.3 கிலோமீட்டர், கொடுக்க இயலாது.

எனக்குக் கோபம் வந்தது. பில்லர் இருப்பது ஊர் முகப்பில். எக்ஸ்சேஞ்சிலிருந்து அது வரைக்கும் 2.9 கிலோமீட்டர். நானே அளந்தது. அங்கிருந்து ஊர்த்தெரு வழியாக நடந்தால் எங்கள் காலனி 700 மீட்டர். எல்லாம் சேர்ந்து 3.6. அப்படியிருக்க 5.3 எங்கிருந்து வந்தது? காலனி என்றதும் யாரோ உட்கார்ந்த இடத்திலேயே பொய்யாக எழுதிவிட்டான் என்று நினைத்தேன். நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று பையன்களிடம் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியை எடுத்துக்கொண்டு பில்லரைத் திறந்தேன். படிப்பகத்து ஜோடியைத் தனியாகப் பிரித்து மாட்டினேன். திரையில் கோடு ஓடியது. 700 மீட்டரில் முனை எழ வேண்டும். ஒன்றுமில்லை. கோடு சமமாகப் போய்க்கொண்டே இருந்தது. துடிப்பை அகலமாக்கினேன். 1,150 மீட்டர் பக்கத்தில் தொய்ந்து ஒரு பள்ளம், ஈரம். முனை எழுந்தது 2,400 மீட்டரில்.

கருவிதான் தப்பு என்று நினைத்தேன். படிப்பகத்தில் ஒரு பையனை உட்கார வைத்து, கம்பி முனையைச் சேர்த்து முறுக்கச் சொன்னேன். முறுக்கிவிட்டு மிஸ்டு கால் கொடுத்தான். 2,400இல் எழுந்த கோடு தலைகீழாக விழுந்தது. பிரிக்கச் சொன்னேன். மறுபடி எழுந்தது. சந்தேகமே இல்லை, அதுதான் எங்கள் படிப்பகம். 24 மைக்ரோசெகண்டு. 7 ஆக இருந்திருக்க வேண்டியது 24.

பிறகுதான் அந்த ஈரம் உறைத்தது. ஊர்த்தெருவில் ஈரத்துக்கு எங்கே போவது, அது சிமெண்டு ரோடு. 1,150 மீட்டரில் தண்ணீர் என்றால் அது ஏரி மதகு. கம்பி தெரு வழியாக வரவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு, ஏரிக்கரை மேல் ஏறி, சுடுகாட்டுப் பாதை வழியாக இறங்கி எங்களிடம் வந்திருக்கிறது. பதிவேடு பொய் சொல்லவில்லை. நான்தான் என் ஊரை மறந்துபோயிருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

'ஆமா. ஏரிக்கர மேலதான் வெட்னேன். மொத நாளு பில்லராண்ட கோடு போட்டு தெருவுலதான் ரெண்டு மம்புட்டி போட்டேன். ஊருகாரங்க பத்துப் பேரு வந்து நின்னாங்க. சேரிக்குப் போற கம்பி தேரோடுற தெருவுல பொதையக் கூடாதுன்னாங்க. ஆண்டே, கம்பிதான ஆண்டே, மண்ணுக்குள்ள தான போவுதுன்னேன். வாய மூட்றான்னாங்க. காண்டிராக்டரு ஒண்ணும் பேசல. டேப்ப சுத்திக்கினு ஏரிப் பக்கம் நடந்துட்டாரு. மீட்டர் கணக்குதான. நீளமா போனா அவுருக்கும் லாபம்.'

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: 'எனக்குந்தான். அந்தக் கூலியிலதாண்டா உனுக்கு ஐ.டி.ஐ. பீசு கட்னேன்.'

என்னால் பதில் பேச முடியவில்லை. 1,700 மீட்டர் கூடுதல் பள்ளம். மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கிய கூலி. எங்களை ஒதுக்கிவைத்த தூரத்தை எங்கள் அப்பாவே வெட்டி, அந்தத் தூரத்துக்குக் கிடைத்த காசில் நான் படித்து, அந்தப் படிப்பைக் கொண்டு அந்தத் தூரத்தை நானே அளந்திருக்கிறேன். சாதி எங்களிடம் வேலை வாங்குகிற விதம் இதுதான். நம்மைச் சுற்றி நாமே வேலி போடுவோம். அதற்குக் கூலியும் கொடுப்பார்கள். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை. அன்றைக்கு அவர் மண்வெட்டியைக் கீழே போட்டிருந்தால் இன்னொருவர் வெட்டியிருப்பார், அவ்வளவுதான்.

தீண்டாமையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தேநீர்க் கடை குவளை, செருப்பு, கிணறு, சுடுகாடு. எல்லாவற்றையும் 'அப்படியெல்லாம் எங்க ஊர்ல இல்லீங்க' என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடலாம். சாட்சி சொல்ல ஆள் வர மாட்டான். வந்தாலும் மாற்றிச் சொல்லுவான். இந்த 17 மைக்ரோசெகண்டை யாரும் மிரட்டிப் பிறழ்சாட்சியாக்க முடியாது. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே இடத்தில் மோதி, அதே நேரத்தில் திரும்பி வந்தது.

மனு எழுதினோம். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, இரண்டு வழியின் தூரத்தையும் போட்டு, தெரு வழியாகப் புதுக் கேபிள் கேட்டோம். விசாரிக்க வந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். 'கருவி தூரத்தத்தான் சொல்லுது தம்பி, காரணத்தச் சொல்லலியே' என்றார். ஊரில் கூட்டம் போட்டார்கள். யாரும் சாதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. 'போன வருசம்தான் சிமெண்டு ரோடு போட்டது, ஒடைக்க விட முடியாது' என்றார்கள். ஒரே ஒரு இணைப்புக்காக 700 மீட்டர் கேபிள் கட்டுபடியாகாது என்று மேலே இருந்து பதில் வந்தது. அதோடு முடிந்தது. அந்த வருசம் விண்ணப்பம் போட வேண்டிய பையன்கள் பழையபடி ஊர் பிரவுசிங் சென்டருக்கே போனார்கள். ஒருவன் கடைசி நாளைத் தவறவிட்டான்.

அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சில் இருக்கிற இயந்திரமே ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் சைகையை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, நீளத்தையும் பழுதையும் சொல்லிவிடுகிற முறை வந்தது. 2009இல் அதற்குச் சர்வதேசத் தரமும் வகுத்துவிட்டார்கள். ஆள் வெளியே இறங்கிப் போகவே வேண்டாம். திரையில் ஓர் எண் வரும். அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்கிறவன் இல்லாமல் போய்விட்டான்.

அப்பா 2011இல் இறந்தார். ஊர்த்தெரு வழியாகப் பாடையைக் கொண்டுபோக முடியாது. ஏரிக்கரை மேல்தான் கொண்டுபோனோம். மதகைத் தாண்டும்போது என் காலுக்கு ஒரு மீட்டர் கீழே அவர் புதைத்த கம்பி கிடந்தது.

2022இல் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. அதற்கும் எதிரொலிச் சோதனை உண்டு. மின் துடிப்புக்குப் பதில் ஒளியை அனுப்புவார்கள். கணக்கு ஒன்றுதான். வேலைக்கு வந்த பையன் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பில்லர் இருந்த இடத்திலிருந்து படிப்பகம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். 'ரெண்டாயிரத்து நானூறு சில்லறை வருதுண்ணே. ஏரிக்கர மேல ஏற்கெனவே பாதை இருக்குதுல்ல, அப்படியே இழுத்துட்டோம். ஒண்ணும் பிரச்சினை இல்ல, இது 20 கிலோமீட்டர் கூடத் தாங்கும்' என்றான்.

உண்மைதான், வேகமாக வருகிறது. பிள்ளைகள் படிப்பகத்தில் உட்கார்ந்து பாடம் பார்க்கிறார்கள், தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் தூரம் அதிகம், கொடுக்க இயலாது என்று இனி யாரும் எழுத மாட்டார்கள். எழுதாவிட்டால் தூரம் ஏன் அதிகம் என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றாது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். தெரு வழியாக வந்தால் 700 மீட்டர். கம்பி இன்னும் ஏரிக்கரை மேல்தான் வருகிறது.