எல் பாசோவின் ஐவர்

1966 மார்ச் 19 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம் மேரிலாந்தில் நடந்தது. ஒரு பக்கம், அதற்குள் நான்கு முறை பட்டம் வென்றிருந்த கென்டக்கி பல்கலைக்கழகம். அணியில் அத்தனை பேரும் வெள்ளையர்கள். மறுபக்கம், மெக்சிகோ எல்லையோர எல் பாசோ நகரத்தின் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி. அதன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் முதலில் களமிறக்கிய ஐவரும் கறுப்பின வீரர்கள். இறுதி ஆட்டம் ஒன்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

அந்தப் பருவத்தில் முதல் 23 ஆட்டங்களையும் வென்ற டெக்சஸ் வெஸ்டர்ன், சியாட்டிலிடம் மட்டும் இரண்டு புள்ளிகளில் தோற்றது. பிறகு, தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றில் கான்சஸுடன் ஆடியபோது எல்லாமே முடிந்துபோயிருக்கும். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கான்சஸின் ஜோ ஜோ ஒயிட் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்துவிட்டது. ஆனால் அவர் கால் எல்லைக்கோட்டை மிதித்திருந்தது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் டெக்சஸ் வெஸ்டர்ன் 81–80 என்று தப்பியது.

கறுப்பின வீரர்களுக்கு வேகம் உண்டு, நிதானம் கிடையாது என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. இறுதி ஆட்டத்தின் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு பொய் என்பது விளங்கும். ஹாஸ்கின்ஸின் அணி நிதானமாக ஆடியது, விடாமல் தடுத்தது. கென்டக்கியின் வேகத்தை மடக்க, உயரமான நெவில் ஷெட்டை வெளியே உட்காரவைத்து, ஐந்தடி ஆறங்குல வில்லி வோர்ஸ்லியை ஹாஸ்கின்ஸ் இறக்கினார். முதல் பாதியில் பாபி ஜோ ஹில் எதிரணியின் இரு வீரர்களிடமிருந்து அடுத்தடுத்துப் பந்தைத் தட்டிப் பறித்துத் தனியே ஓடிக் கூடையில் போட்டார். கென்டக்கி நிலைகுலைந்தது அங்கேதான். களத்திலிருந்து கென்டக்கி 27 கூடைகள் போட்டது, டெக்சஸ் வெஸ்டர்ன் 22 மட்டுமே. ஆனால் தனியாக நின்று, அரங்கமே பார்த்திருக்க எறிய வேண்டிய ஃப்ரீ த்ரோக்களில் 34-க்கு 28 உள்ளே போயின. முடிவு 72–65. நிதானம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

வென்ற அணி கூடையின் வலையை அறுத்தெடுப்பது அங்கே வழக்கம். அன்று ஏணி வரவில்லை. ஷெட் தூக்கிப்பிடிக்க, வோர்ஸ்லி ஏறி அறுத்தார்.

கென்டக்கி ஆடிவந்த தென்கிழக்கு மாநிலங்களின் லீக்கில், அடுத்த ஆண்டே பெரி வாலஸ் முதல் கறுப்பின வீரராக வாண்டர்பில்ட் அணிக்கு ஆடினார். கென்டக்கி தன் முதல் கறுப்பின வீரரைச் சேர்த்தது 1969-இல். டெக்சஸ் வெஸ்டர்ன் அணி முழுவதும் 2007-இல் நெய்ஸ்மித் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘குளோரி ரோடு’ படம், ஹாஸ்கின்ஸ் வந்த முதல் பருவத்திலேயே பட்டம் கிடைத்ததாகக் காட்டுகிறது. உண்மையில் அவர் வந்தது 1961-இல். பட்டம் ஐந்தாவது பருவத்தின் விளைச்சல்.